மைக் செட்டில் பேசிய மெட்ராஸ் அம்மா

என் மாமா மைக் செட் வாங்கிய வருஷம், எங்கள் ஊர் ஆந்திராவில் இருக்குமா, மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகுமா என்று யாருக்கும் தெரியாது. டீக்கடையில் பெரியவர்கள் காலையில் ஊரை அந்தப் பக்கம் தள்ளுவார்கள், சாயங்காலம் இந்தப் பக்கம் இழுப்பார்கள். தடாவுக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருந்த சின்ன ஊர் அது. ஏரியைத் தாண்டினால் மணல்மேடு, அதற்கப்புறம் கடல். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, படகுத்துறையில் இரண்டும் கலந்து என்று நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். எனக்கு ஏழு வயதிருக்கும்.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. அவருக்கு மீன் பிடிப்பதும் பிடிக்காது, உப்பளத்து வெயிலும் ஆகாது. நகரியில் கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவரிடம் எடுபிடியாக இருந்தார். அந்த ஆள் புதிய செட் வாங்கியதும், பழையதை மாமா விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார். ஊரில் கரண்ட் கிடையாது. அதனால் செட்டோடு ஒரு லாரி பாட்டரியும் வந்தது. பாட்டரி இறங்கிவிட்டால் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய்ச் சூலூர்ப்பேட்டையில் சார்ஜ் ஏற்றி வரவேண்டும்.

எங்கள் ஊரில் கல்யாணம் எப்போதாவதுதான் வரும். அதை மட்டும் நம்பினால் பாட்டரிதான் மிஞ்சும் என்று மாமாவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆகவே ஒரு யோசனை செய்தார். காலையில் படகுகள் கரை சேரும் நேரத்தில் ஊர்ச் செய்திகளை மைக்கில் சொல்வது. யார் வீட்டில் என்ன விற்பனைக்கு இருக்கிறது, எங்கே வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து, எந்த ஆட்டைக் காணவில்லை, எல்லாம். சொல்லச் சொல்கிறவர்கள் ஒரு பிடி இறால் கொடுத்தால் போதும்.

படகுத்துறையை ஒட்டித்தான் மாமாவின் கீற்று வீடு. கூரைமேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார். ஊரே வந்து நின்றது. மாமா தலை சீவி, பவுடர் போட்டு, மைக்குக்கு முன்னால் நின்றார். “ஹலோ” என்றார். கூட்டம் சிலிர்த்தது. மறுபடியும் “ஹலோ” என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நகரியில் அவர் சோதனை பார்க்க ஹலோ சொன்னதோடு சரி, மற்றதையெல்லாம் வேறு யாரோ பேசியிருக்கிறார்கள். வாயைத் திறந்தார், மூடினார், வேர்வையைத் துடைத்தார், கடைசியில் ஒரு கிராமபோன் தட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தி அம்மாவுக்கு அடுத்தவள், மாமாவுக்கு அக்கா. மெட்ராஸில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டதால், ஒரு தகரப்பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. தாண்டினால் யாராவது ஒருத்தர், “எப்பம்மா ஊருக்குப் போற?” என்று கேட்பார்கள். பாசமாகத்தான் கேட்பார்கள். அதனாலேயே பதில் சொல்வது கஷ்டம்.

“இன்னாடா ஆச்சு? வாயில கொழுக்கட்டையா?” என்றாள் சித்தி.

“வர மாட்டேங்குது சின்னக்கா. அத்தினி பேரு பாத்துக்கினு கீறாங்க.”

“பாக்காத எடத்துலர்ந்து பேசு.”

“பாக்காத எடத்துலர்ந்து நீ பேசேன்!” என்றார் மாமா கோபமாக. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்ல யோசனை என்று அவருக்கே பட்டிருக்கவேண்டும். வயரை இழுத்து மைக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தார். முன்பக்கத்துக்கும் சமையல் இடத்துக்கும் நடுவே ஒரு கீற்றுத் தட்டி இருந்தது. அதற்குப் பின்னால் சித்தியை உட்காரவைத்தார். சித்தி முடியவே முடியாது என்றாள். அப்புறம், யாருக்கும் சொல்லக்கூடாது என்றாள். என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சித்தி பேசுவதே பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. மைக்கைப் பிடித்ததும் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, தமிழில் ஒரு முறை, அதையே தெலுங்கில் ஒரு முறை சொன்னாள். மறுநாள் தெலுங்கை முதலில் சொன்னாள், தமிழை அப்புறம் சொன்னாள். அப்படி மாற்றி மாற்றிச் சொன்னதால் டீக்கடையின் இரண்டு கட்சிக்காரர்களும் சண்டை பிடிக்க வழியில்லாமல் போயிற்று.

பேசுவது யார் என்று கேட்டவர்களிடம் மாமா, “மெட்ராஸ்லர்ந்து ஒரு அம்மாவ அமர்த்திக்கினு வந்துக்கீறேன். வெளிய வர மாட்டாங்க. பெரிய எடம்” என்று சொல்லிவிட்டார். நம்பினார்கள். சிலர் நம்பியதுபோல் இருந்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது. எப்படியோ, எங்கள் ஊருக்கு ஒரு மெட்ராஸ் அம்மா கிடைத்தாள். அவள் சிவப்பாக இருப்பாள், கண்ணாடி போட்டிருப்பாள் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படிச் சொல்லும்போது என் வாய் நமநமவென்று ஊறும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மெட்ராஸ் அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பொருளில் என்ன குறையோ அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். “சைக்கிள் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. ஓட்டம் நன்றாக இருக்கும். பிரேக் இல்லை. அதை உடையவர் சொல்லவில்லை, நாங்கள் பார்த்தோம்.” உடையவர் மாமாவிடம் வந்து குதித்தார். ஆனால் அன்றைக்கே சைக்கிள் விற்றுப்போயிற்று. குறையைச் சொல்கிறவள் மற்றதையும் நிஜமாகத்தான் சொல்வாள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். கிழிசல் வலை, கன்று போடாத எருமை, சவுக்கு விறகு, சிப்பிச் சுண்ணாம்பு, எது விற்பதானாலும் முதலில் மாமா வீட்டுக்கு வந்தார்கள்.

ஒருநாள் காலையில் ரோடு மேஸ்திரி வந்தார். திருப்பதிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தடாவிலிருந்து எங்கள் பக்கமாக ஒரு கிளை ரோடு போடும் வேலையை எடுத்திருந்தார். முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மண் சுமக்க ஆள் வேண்டும் என்றார். மாமா, ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார். யாராயிருந்தாலும் சரி, கூடை கொண்டுவரச் சொல்லு என்றார் மேஸ்திரி. தட்டிக்கு இந்தப் பக்கம் சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். அவர் போனதும், சொன்னதைச் சொன்னபடியே மைக்கில் சொன்னாள்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவுவதுதான் வேலை. அதுவும் எல்லா நாளும் அகப்படாது. ரோடு வேலை என்றதும் மறுநாள் விடியும்போதே கூடையைத் தூக்கிக்கொண்டு கும்பலாகக் கிளம்பினார்கள். ஆண்களும் போனார்கள். உச்சிவெயிலில் பெண்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். மேஸ்திரிக்கு வேறு எங்கிருந்தோ ஒரு கூட்டம் ஆட்கள் கிடைத்துவிட்டார்களாம். பெண்கள் வேண்டாம், நான் பெண்களைக் கூப்பிடவே இல்லை, மைக்கில்தான் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

மாமா வீட்டு வாசலில் கூடைகள் வந்து விழுந்தன.

“எங்கடா உன் மெட்ராஸ்காரி? அவ வாய்க்கு வந்தத சொல்லிட்டு உள்ள குந்திக்கினு துன்னுவா. நாங்க வெயில்ல நடந்து சாவணுமா?” என்று கத்தினாள் ஒரு பெண். சந்தைக்கு இறால் கொண்டுபோகிறவள் அவள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

மாமா என்னவோ சொல்லிச் சமாளித்துப் பார்த்தார். அதற்குள் மேஸ்திரியே சைக்கிளில் வந்து இறங்கினார். சாயங்காலத்துக்குள் இன்னொரு செய்தி சொல்லவேண்டுமாம், ஆண்கள் மட்டும் வந்தால் போதும் என்று. பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் அசரவில்லை.

“நேனு மொகவாள்ளனே அடிகானு. எவரு செப்பினாரு பொம்பளை வரச்சொல்லி? அந்த அம்மாவைக் கூப்பிடு. அவளே சொல்லட்டும்” என்றார், பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும். ஆம்பளைகளை மட்டும்தான் கேட்டாராம்.

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தரையைப் பார்த்தார்.

தட்டிக்குப் பின்னால் சித்தி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். என் கையைப் பிடித்தாள். வாசலில் நின்ற என் அம்மா அவளைப் பார்த்ததும் “வேணாம்டி” என்றாள். சித்தி நிற்கவில்லை. கூடைகளைத் தாண்டி மேஸ்திரிக்கு எதிரே போய் நின்றாள்.

“நேத்து காலைல வந்தீங்க. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சீங்க. ஆம்பளயா பொம்பளயான்னு என் தம்பி கேட்டான். ‘ஆட, மக எவரைனா பரவாலேது. புட்ட தெச்சுகுனி ரம்மனண்டி’ன்னு சொன்னீங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னாள்: “ஆணோ பெண்ணோ யாராயிருந்தாலும் பரவாயில்லை. கூடை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை மைக்கில் சொல்லும் குரலிலேயே சொல்லிவிட்டாள். வேண்டுமென்று செய்தாளோ, பழக்கத்தில் வந்துவிட்டதோ தெரியாது. இறால்காரி மெதுவாக, “அடிப்பாவி, நீயாடி அது?” என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “எங்க சித்திதான்! மொதல்லர்ந்து எங்க சித்திதான்!” என்று குதித்தேன். செய்துகொடுத்த சத்தியமெல்லாம் காற்றில் போயிற்று. யாரும் என்னை அதட்டவில்லை.

மேஸ்திரி ஏதோ முணுமுணுத்தார். ஒரு பேச்சுக்குச் சொன்னதை இப்படிப் பிடித்துக்கொள்ளலாமா என்றார்.

“பேச்சுக்கு சொன்னத நாங்க ஊருக்கு சொல்றதில்ல. வேலைன்னு சொன்னீங்க, வேலைன்னு சொன்னேன்” என்றாள் சித்தி.

இறால்காரி தன் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். “மேஸ்திரி, நாங்க வேணாம்னா எங்க ஊட்டு ஆம்பளைங்களும் நாளைக்கு வர மாட்டாங்க. இன்னான்றீங்க?” என்றாள். மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்த வீட்டு ஆம்பளைகள் பின்னால் நின்று தலையை ஆட்டினார்கள். ஆட்டாமல் இருந்தால் ராத்திரிக்குச் சோறு கிடைக்காது.

மறுநாள் மேஸ்திரி பாதிப் பெண்களை எடுத்துக்கொண்டார். மீதிப் பேரை ரோடு ஊர்ப்பக்கம் நெருங்கியபோது எடுத்தார். இன்றைக்கும் அந்த ரோடு இருக்கிறது. அதில் போகும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள் கொட்டிய மண் என்று எனக்கு நெஞ்சு விம்மும்.

ஊரில் அதற்குப் பிறகு சித்திக்கு இருந்த மரியாதையே வேறு. மாமா மைக்கை வாசலுக்குக் கொண்டுவந்து ஒரு ஸ்டூலும் போட்டார். ஏரியில் இருந்து வரும் காற்றில் உட்கார்ந்து சித்தி ஊர்ச் செய்தி சொல்வாள். நான் பள்ளிக்கூடத்தில் முன்வரிசைக்கு மாறிவிட்டேன். யாரும் மாற்றவில்லை, நானாகவே போய் உட்கார்ந்தேன்.

ஆனால் அவள் பெயரை வெளியூருக்குக் கொண்டுபோனது அந்த மேஸ்திரிதான். போகிற இடத்திலெல்லாம், ஏரிக்கரையில் ஒருத்தி இருக்கிறாள், நாம் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ரெண்டு பாஷையிலும் நம் முகத்துக்கு நேராகவே திருப்பிச் சொல்வாள் என்று பாதி வயிற்றெரிச்சலும் பாதி பெருமையுமாகச் சொல்லியிருக்கிறார். புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் திருப்பதியிலிருந்து ஒரு பெரியவர் தேடிக்கொண்டு வந்தார். உற்சவக் கூட்டத்துக்கு மைக் செட் போடுகிறவர். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துபோகும், கிழவர்கள் வழி தவறிப்போவார்கள், தமிழ் ஜனம் பாதி, தெலுங்கு ஜனம் பாதி, பதறாமல் இரண்டிலும் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். தங்குவதற்குத் தன் வீட்டிலேயே, தன் மகள்களோடு இடம் என்றார்.

சித்தி, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அம்மா யோசிக்கவிடவில்லை. “தொலஞ்ச புள்ளைங்க உனக்காக காத்துக்கினு இருக்கும். போடி” என்றாள்.

தடாவில் பஸ் ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் போனோம். சித்தி தன் தகரப்பெட்டியோடு பஸ்ஸில் ஏறியதும் நான் கத்தி அழ ஆரம்பித்தேன். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பெண் பெட்டியோடு பஸ் ஏறினாலும் புருஷன் வீட்டுக்குத்தான் போவாள். சித்தியையும் அந்த ஆளிடமே திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

“போவாத சித்தி! அந்த மெட்ராசு வூட்டுக்குப் போவாத!”

சித்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்தாள். “நான் வேலைக்குப் போறேண்டி, கண்ணு” என்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் திரும்பிவிடுவார்களே, பெட்டி எதற்கு என்று எனக்குச் சமாதானமாகவில்லை.

பஸ் போனபின் வழக்கமான குறுக்குப் பாதையில் போகலாம் என்று மாமா சொன்னார். அம்மா கேட்கவில்லை. கடைத்தெரு வழியாக, நடுத்தெருவில், என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். வெற்றிலைக் கடையில் நின்றாள், துணிக்கடையில் நின்றாள், கருவாட்டுக் கடையிலும் நின்றாள். நின்ற இடத்திலெல்லாம், யாரும் கேட்காமலே, “என் தங்கச்சி திருப்பதிக்கு வேலைக்குப் போயிருக்கா” என்றாள். எனக்குக் கால் வலித்தது, பசி வேறு. ஒரு கடையிலும் ஒன்றும் வாங்காமல் எதற்காக இத்தனை கடை ஏறி இறங்குகிறாள் என்று வழியெல்லாம் அம்மாமேல் எரிச்சலாக வந்தது.