பரிசலில் சத்தம் போடாதீங்க!

ஆற்றங்கரைக் காட்டில் வழிகாட்டி வேலை என்றால் பாதி நேரம் மிருகங்களைத் தேடுவது, மீதி நேரம் மனிதர்களை ‘உஷ்’ என்று அடக்குவது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டப் போய்த் திண்டாடியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானி ஆறு காட்டை ஒட்டி அகலமாகப் பரவி, நாணல் மண்டிக் கிடக்கிற இடம் எங்களுடையது. ரங்கண்ணன் பரிசலுக்குத் துடுப்புப் போடுவார். நான் எதிரே உட்கார்ந்து விளக்கம் சொல்லுவேன்.

சிரிக்கிற போன்

பீளமேட்டு ஐ.டி. கம்பெனியிலிருந்து நாலு பேர். நீர்நாயைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று வந்திருந்தார்கள். போனை அணைக்கச் சொன்னேன். மேனேஜரைத் தவிர எல்லோரும் அணைத்தார்கள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியதே தவிர நீர்நாயின் வால்கூடத் தெரியவில்லை. அப்போது பார்த்து மேனேஜர் பைக்குள்ளிருந்து குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கிற ரிங்டோன்! நான் முறைத்தேன். அவர் பதறிப்போய்ப் பையைத் துழாவினார். நாணல் விலகியது. ஒன்று, இரண்டு, ஐந்து பழுப்புத் தலைகள். சிரித்தது யாரென்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. போன் நின்றதும் முங்கிவிட்டன. மேனேஜர் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்:

“ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரிய இன்னொருக்கா கூப்பிடச் சொல்லட்டுங்களா?”

மூன்றாவது முறை

பெருந்துறை சரசக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். மகனும் மருமகளும் இருபக்கமும் பிடித்துக்கொள்ள, கண்ணை இறுக்க மூடித்தான் பரிசலில் உட்கார்ந்தார்.

வளைவு திரும்பியதும் எதிர்க்கரையில் யானைக் கூட்டம். ரங்கண்ணன் பரிசலை மருத மர நிழலில் ஒதுக்கி வேரைப் பிடித்துக்கொண்டார். காற்று எங்கள் பக்கம் வீசியதால் அவற்றுக்கு எங்கள் வாடை போகவில்லை. திசை மாறிவிடக் கூடாதே என்று நான் நாணல் நுனி சாய்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டுக் கூட்டம் மேடேறியது. குட்டி மட்டும் சேற்றில் வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி சறுக்கியது. சரசக்கா எப்போது கண்ணைத் திறந்தாரோ தெரியவில்லை, என் கையை நெரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை தாய் திரும்பி வந்து, பின்னாலிருந்து நெற்றியால் ஒரே தள்ளு. குட்டி மேலே போய்விட்டது. சரசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“என்ற மருமக பிரசவத்துக்குக்கூட நான் இத்தன சாமியக் கும்புடலீங்க!”

இறக்கைச் சத்தம்

கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கிற காதர் பாய்க்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. மனைவியோடு வந்திருந்தார். இவருக்கு எதைக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே பரிசலில் ஏறினேன். அவரோ குரலை வைத்தே மீன்கொத்தி, நாரை, குக்குறுவான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

திடீரென்று கையை உயர்த்தினார். “வலது பக்கம் மேல, பெரிய இறக்கைங்க. அடிச்சுட்டு உட்கார்ந்துருச்சு.” எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் பைனாகுலரை வைத்துக் கிளை கிளையாகத் தேடினேன். அடர்ந்த இலைக்குள் மீன் ஆந்தை! எட்டு வருசமாக அதன் அலறலை மட்டும் கேட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. சந்தோசத்தில் ரங்கண்ணன் தோளில் ஓங்கி அடித்துவிட்டேன். காதர் பாய் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“பாத்துட்டீங்கல்ல? இப்ப எனக்குச் சொல்லுங்க கண்ணு, அது என்ன நிறம், எப்படி முழிக்குது?”

ஆற்றைச் சுற்றிக் காட்டத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். பாதி நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவது என்னவோ நான்தான்.