சேற்றில் பிடித்த நிரை

ஆயர் தாவார் ஊர்ப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். பால்வெட்டுக்காரர்களுக்கு வேலை போனது. நானும் என் வீட்டுக்காரரும் ஆற்று முகத்துவாரத்துக் கம்பத்துக்கு, மீன்பிடிக்கிற சிற்றூருக்குக் குடிவந்தோம். தண்ணீர் வற்றும்போது சேற்றில் இறங்கி, திட்டில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்து விற்றேன். விடியுமுன் பெரட்டில் போய் நின்று பேர் கொடுக்க வேண்டாம், கங்காணியின் ஏச்சைக் கேட்க வேண்டாம். அந்தச் சேறு எனக்கு ராஜ்ஜியம்.

எல்லாரும் பெயர்த்தோம். சிப்பி ஓட்டையும் விடாமல் சுண்ணாம்புச் சூளைக்குப் போட்டோம். எழுபதுகளின் கடைசியில் திட்டே இல்லாமல் போனது, வெறும் சேறு. வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே செம்பனைக் குத்தகைக்காரனிடம் எங்கள் இருவர் பேரையும் கொடுத்துவிட்டு வந்தார். மழைக்காலம் முடிந்ததும் லோரி வந்து ஏற்றிக்கொள்ளுமாம்.

சீனர் கடைக்குப் பின்னால், தின்றுவிட்டுத் தண்ணீரில் கொட்டிய கெராங் மட்டி ஓடுகளின் மேல் குட்டிச் சிப்பி ஒட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒட்ட இடம் கொடுத்தால் வரும், அவ்வளவுதானே? ஈப்போவுக்கு மீன் லோரி ஓட்டும் என் தம்பியிடம் சொன்னேன். அங்கே சாப்பாட்டுக் கடைகளில் எறியும் ஓடுகளைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தான். கழுவி வெயிலில் காயவைத்தேன். நாற்றத்துக்குக் கம்பமே மூக்கைப் பிடித்தது.

கொட்டும்போதுதான் தோட்டத்துப் புத்தி வேலை செய்தது. கயிறு பிடித்து, ரப்பர் கன்று நடுகிற மாதிரி நேர் நேராக நிரை போட்டேன். பார்க்க அத்தனை லட்சணம்! அடுத்து ஏறிய பெரிய தண்ணீர் எல்லாவற்றையும் சேற்றுக்குள் புதைத்துவிட்டது. கடல் என்ன, கங்காணி சொன்னபடி நிற்குமா?

"கடல்ல குப்பையக் கொட்டுறே, சனம் சிரிக்குதுலா. பேசாம தோட்டத்துக்கே போலாம்," என்றார் வீட்டுக்காரர்.

சிரிக்கட்டும். சிரிக்கிற வாய்க்கு நானா சோறு போடுகிறேன்? மறுபடி ஓடு சேர்த்தேன். இந்த முறை கிழிந்த வலைகளில் கட்டி, மூட்டை மேல் மூட்டையாகக் குவித்தேன். குவியல் நின்றது.

மழை ஓய்ந்து லோரி வந்தபோது நான் முழங்கால் சேற்றில் நின்றேன். கையிலிருந்த ஓட்டில் நகக்கண் அளவில் சிப்பிகள், தடவினால் விரலைக் கிழித்தன. கரையில் குத்தகைக்காரன் பேர் கூப்பிட்டான். என் பேரும் வந்தது. வீட்டுக்காரர் லோரியில் ஒரு காலை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பேருக்காரி இங்க வேலையில இருக்கா," என்று கரைக்குக் கேட்கக் கத்தினேன்.