டீ கப்புக்கு ஒரு ஜாதகம்

போன வாரம் சென்னையில் ஒரு கம்பெனியின் ஏசி அறையில் உட்கார்ந்து கத்திவிட்டு வந்தேன். எனக்கு பிரஷர் உண்டு, கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்களே சொல்லுங்கள்... கத்தாமல் எப்படி இருப்பது?

விமலா என் சித்தி மகள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஆறு பெண்களை வைத்துக்கொண்டு பீங்கான் டீ கப் செய்கிறாள். அந்தக் கம்பெனி தன் கேன்டீனுக்கு அவளிடம் கப் வாங்குவதாக இருந்தது. ஆர்டர் கிடைத்தால் மழைக்காலம் முழுக்க ஆறு பேருக்கும் வேலை. கிடைக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு படிவம் அனுப்பினார்கள். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தால் பதினோரு பக்கம்! மண் எங்கே தோண்டினீர்கள், எந்த லாரியில் வந்தது, சுட எவ்வளவு எண்ணெய் எரிந்தது, கடைசியில் கப் எங்கே போய்ச் சேரும்... பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு பொருளால் சுற்றுச்சூழலுக்கு என்ன கெடுதல் என்று பார்க்கிறார்களாம். நல்ல விஷயம்தான். இப்படிப் பார்க்க வேண்டும் என்று இதே பத்திரிகைப் பத்தியில் முழங்கியவன்தானே நான்? இங்கிலீஷ் தெரிந்த அண்ணன் என்ற தோரணையில் நானே பேனாவை எடுத்தேன்.

எண்ணெய்க் கேள்வியில்தான் வந்தது வினை. சூளை விமலாவுடையது இல்லை, பலருக்கும் பொது. சூளைக்குள் தள்ளும் ஒரே டிராலியில் இவள் கப்பும், இன்னொருவர் பொம்மையும், வேறொருவர் ஃபியூஸ் கட்டையும் சேர்ந்தே வேகும். யார் சாமானுக்கு எவ்வளவு எண்ணெய் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் என்ன செய்தேன்? சூளைக்கு ஒரு நாளைக்கு ஆகும் எண்ணெயை விசாரித்து, மொத்தத்தையும் விமலா தலையில் எழுதிவிட்டேன். பொய் சொல்லக் கூடாது பாருங்கள்... பெரிய அரிச்சந்திரன்!

'அதிக மாசு' என்று ஒரு வரியில் மெயில் வந்தது. ஆர்டர் போச்சு.

"படிச்சவங்கன்னு நம்பித்தான் உங்ககிட்ட குடுத்தேன், அண்ணே," என்றாள் விமலா. அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினேன். அதிகாரி இளைஞர், மரியாதையானவர். பேப்பர் கப்பில் டீ கொடுத்தார். இனி கேன்டீனில் இதுதானாம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு! அந்தப் பேப்பர் கப் கம்பெனிக்காரர் கொடுத்த படிவம் மேஜையிலேயே கிடந்தது. எட்டிப் பார்த்தேன். பாதிக் கேள்விக்குப் 'பொருந்தாது', மீதிக்கு வெறும் கோடு. பதில் இல்லாத இடத்திலெல்லாம் கெடுதல் பூஜ்யம் என்று கூட்டி, பாஸ் போட்டிருக்கிறார்கள்.

விசாரித்து எழுதினவள் ஃபெயில், ஒன்றுமே எழுதாதவன் பாஸ்... இதற்கு எதற்கய்யா பதினோரு பக்கம் என்று நான் கத்தியது அப்போதுதான்.

பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் பொதுச் சூளை சமாசாரத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு எண்ணெய்க் கணக்கைத் திருத்திக்கொண்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ஒரு தடவை உபயோகித்த பிறகு கப் என்ன ஆகும்? எரிப்பது, புதைப்பது, மறுசுழற்சி — மூன்றில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்.

விமலா சொன்னாள்:

"கழுவி வெச்சா நாளைக்கும் அதுலயே டீ குடிக்கலாங்க."

அவர் பக்கத்தை மேலும் கீழும் தேடினார். அதற்குக் கட்டம் இல்லையாம். கட்டம் நிரம்பாத படிவத்தைக் கம்ப்யூட்டர் ஏற்காதாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கைகூப்பினார்.

நேற்று விமலா அந்த ஆறு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அதற்கும் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.