நடக்காத ஆக்களுக்கு ஒரு நடைபாதை

கவுன்சிலில போக்குவரத்துப் பகுதியில வேலை எண்டா, நான் ரோட்டுப் போடுறன் எண்டு லண்டன் ஹவுன்ஸ்லோவில எல்லாரும் நினைக்கினம். நான் ஒரு சல்லிக்கல்லும் போட்டதில்லை. போடுறதுக்கு அரசாங்கத்திட்ட மானியம் கேட்கிறதுதான் என்ர உத்தியோகம். கேட்கிறது, காத்திருக்கிறது, பிறகு திரும்பக் கேட்கிறது. அரசாங்கத்துக்குப் போன் எடுத்து, அவை போடுற பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த ஆர் எண்டாலும் எனக்குச் சொந்தக்காரர்தான்.

பஸ் தரிப்பு முந்திக்கொண்டது

எங்கட எல்லையோரம் கவுன்சில் காணி ஒண்டு இருக்குது. பரம்பரையா ஊரூராத் திரிஞ்ச ட்ராவலர் சனம் அதில கரவன் எண்ட வண்டிவீடு போட்டு இருக்கினம். அங்கயிருந்து பஸ் ஓடுற ரோட்டுக்குப் போக ரெண்டு வழி. ஒண்டு லொறி பறக்கிற, நடைபாதை இல்லாத ஒழுங்கை. மற்றது பொதுப் புல்வெளிக்குள்ளால. மழை பெய்தா முழங்கால் சேறு. அங்க இருக்கிற மேரியின்ர மகள் நோரா செப்டெம்பரில பெரிய பள்ளிக்கூடம் தொடங்க வேணும். தகப்பன் விடிய முன்னம் வானைக் கொண்டு வேலைக்குப் போயிடுவார், மேரிக்கு வாகனம் ஓடத் தெரியாது. புல்வெளிக்குள்ளால பாதை வந்தாப் பிள்ளை பஸ்ஸில போவாள், வராட்டி வீட்டிலதான்.

பாதைக்கு ஒண்டு, பஸ் தரிப்புக்கு ஒண்டு எண்டு ரெண்டு மானியம் கேட்டம். தரிப்புக்குத்தான் முதல் கிடைச்சுது. மார்ச் முடிய முன்னம் செலவழிக்காட்டித் திருப்பிக் குடுக்க வேணும், அதால அவசரம் அவசரமாக் கண்ணாடிக் கூரையோட கட்டி முடிச்சம். பெருமையா மேரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். சப்பாத்து முழுக்கச் சேறு, அவ அதைச் சுத்திச் சுத்திப் பார்த்தா.

“நல்ல வடிவா இருக்கு. இங்க வந்து சேர எந்த பஸ் பிடிக்கிறது?”

ஆர் முதல்?

பொதுப் புல்வெளியில ஒரு கல்லுப் பதிக்கிறதுக்கும் மேலிடத்து அனுமதி வேணும். அனுமதி குடுக்கிறவை முதல் காசைக் காட்டு எண்டிச்சினம். காசு குடுக்கிறவை முதல் அனுமதியைக் காட்டு எண்டிச்சினம். மாசக்கணக்கா மாறி மாறி எழுதி எனக்கு விசர் பிடிச்சுது. கடைசியா ரெண்டு பகுதியையும் ஒரே வீடியோக் கோலில இழுத்துவிட்டன். பார்த்தா ரெண்டு பேரும் ஒரே கட்டடம், ஒருத்தர் மேல்மாடி, மற்றவர் கீழ்மாடி. ஆளையாள் கண்டது அண்டைக்குத்தான். ரெண்டு பேரும் எங்களை மறந்து, எப்ப சேர்ந்து கோப்பி குடிக்கிறது எண்டு கதைக்கத் தொடங்கிட்டினம்.

எனக்குப் பக்கத்தில எங்கட கணக்குப் பகுதி ரமேஷ் இருந்தவர். சென்னைக்காரர், எதையும் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவார்.

“பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் நீங்க முதல்ல பேசுங்கன்னு உக்காந்திருந்தா, தரகர்தான் பேசியாகணும் அக்கா. இங்க தரகர் நீங்கதான், கமிஷன்தான் கிடையாது.”

எண்ணின கிழமை

அந்தக் கோப்பியோட அனுமதிப் பிரச்சினை தீர்ந்தது எண்டு மூச்சுவிட, காசு குடுக்கிறவைக்கு எத்தினை பேர் அந்தப் பக்கம் நடக்கினம் எண்டு காட்டட்டாம். ஜூனில ஒரு கிழமை கம்பத்தில கமரா கட்டி எண்ணுவிச்சம். பள்ளி விடுமுறை இல்லை, பாங்க் ஹொலிடே இல்லை எண்டு கலண்டரைப் பார்த்துப் பக்குவமாத் தெரிஞ்செடுத்த கிழமை அது. ஒரு நரிதான் நடந்தது. மனுசர் ஒருத்தரும் இல்லை.

அடுத்த கிழமை மேரியிட்ட ஓடினன். அவ வெயிலில கறுத்துப்போய், அண்டைக்குத்தான் வந்து இறங்கியிருந்தா. ஒவ்வொரு வருசமும் அந்தக் கிழமை குடும்பம் குடும்பமா வடக்கில நடக்கிற குதிரைச் சந்தைக்குப் போயிடுவினமாம். கலியாணம் பேசுறதும் அங்கதானாம். எனக்குத் தலையை எங்க முட்டுறது எண்டு தெரியேல்லை.

“நாங்கள் சந்தைக்குப் போற கிழமை எண்டு பெற்றோல் ஷெட்டில நிக்கிற ஆளுக்கும் தெரியும். உங்கட ஒஃபிஸில ஒருத்தருக்கும் எங்களிட்டக் கேட்கத் தோன்றேல்லையோ?”

திரும்ப எண்ணினது

செப்டெம்பரில திரும்ப எண்ணினம். பள்ளிக்கூடம் தொடங்கிட்டுது, நோரா தொடங்கேல்லை. இந்த முறை சனம் எல்லாம் வீட்டிலதான், ஆனா எண்ணிக்கை ஏறவே இல்லை. நேரில பார்க்க அமைச்சிலயிருந்து ஒருத்தர் டாக்ஸியில வந்தார். மேரி தேத்தண்ணி குடுத்தா. அவர் குடிச்சு முடிச்சு, ஒருத்தரும் நடக்காத இடத்தில பாதை தேவை எண்டு தன்னால எழுத ஏலாது எண்டு மெல்லமாச் சொன்னார். நான் வாயைத் திறக்க முன்னம் மேரி எழும்பிட்டா.

“ஒழுங்கையில நடந்தா லொறி அடிக்கும், புல்வெளியில சேறு புதைக்கும் எண்டுதான் நடக்கேல்லை. இப்ப நீங்கள் பஸ்ஸுக்கு நடந்து போங்கோ, நான் இங்க நிண்டு எண்ணுறன்.”

பங்குனி மழை

ரோசமோ வெட்கமோ தெரியாது, மனுசன் ஒழுங்கையால நடந்தார். நான் பின்னால போனன். முதல் லொறிக்கே முள்ளுப் பத்தைக்குள்ள ஏறிட்டார். தரிப்புக்கு வந்து சேரேக்க முகம் வெளிறிப் போச்சு. அங்கயே நிண்டு, பாதை தேவை எண்டு எழுதினார். மானியம் வந்தது. வழக்கம்போல வருச முடிவுக்குக் கிட்டத்தான். மார்ச் மழையில பம்பு வைச்சுத் தண்ணி இறைச்சு இறைச்சுப் பாதையைப் போட்டம். ஒவ்வொரு காலமையும் நானும் ரமேஷும் யன்னலால வானத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டம்.

ஈஸ்டர் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொடங்கின அண்டு மேரி போன் எடுத்தா. நோரா பாதையால தனிய நடந்து போய் பஸ் ஏறிட்டாளாம். எனக்குச் சந்தோசம் தாங்கேலாமல் மேசையில இருந்தே அழுகை வந்திட்டுது. மேரி அழேல்லை. பள்ளிக்கூட உடுப்பில பிள்ளை எப்பிடி வெளிக்கிட்டவள் எண்டு கேட்டன்.

“பிளேசர் கோட்டு போன செப்டெம்பருக்கெண்டு வாங்கினது. கை கட்டையாப் போச்சு.”

எதுக்கும் ஒரு மானியம் இருக்கிற இந்த நாட்டில, அந்தப் பிள்ளை வீட்டில கிடந்த ரெண்டு பள்ளித் தவணைக்கு மட்டும் எங்க விண்ணப்பிக்கிறது எண்டு நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்.