சோதனை என்ற சொல்

ஒரு விண்கல்லின் மீது விண்கலத்தை வேண்டுமென்றே மோதவிட்டார்கள். கல்லின் பாதையை மாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். மாறியது. அந்தக் கல்லால் பூமிக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை. இதைச் செய்தியாக எழுதியபோது தலைப்பில் 'சோதனை' என்று போட்டேன். அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இரணியலில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் நண்பன் அதை வாசித்துவிட்டு வந்தான். அறிவியல் பாடம் எடுப்பவன். ஞாயிறுகளில் சபையில் பிரசங்கமும் செய்வான்.

"வாலிபர் கூட்டத்துல போடணும் மக்கா. நீ பேசு, நான் போன்ல பதிஞ்சுக்கிடுகேன்."

பேசினேன். அவன் கேட்டவை நல்ல கேள்விகள்.

அடுத்த வாரம் அக்காள் அழைத்தாள். அவளும் அதே சபைதான். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகளை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தாள்.

"கடைசி நாளுல பிள்ள எனக்க பக்கத்துல இருக்கண்டாமா? ஊருக்கெல்லாம் சொன்ன. கூடப்பிறந்தவகிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

அந்தப் பதிவை அவளே அனுப்பினாள். என் குரல்: "பெரிய கல்லு ஒண்ணு ஒருநாள் பூமிக்க நேர வரலாம். அதுக்குத்தான் இந்தச் சோதனை." 'இந்தக் கல்லு நம்ம பக்கம் வரல்ல' என்று அதற்கு முன்பு நான் சொன்னதைக் காணவில்லை. தொடர்ந்து நண்பனின் குரல்: சோதனைக் காலம் சமீபமாயிருக்கிறது, மனந்திரும்புங்கள்.

சபையில் வளர்ந்தவர்களுக்குச் சோதனை என்றால் தேவன் மனிதனைச் சோதிப்பது. அது அவனுக்குத் தெரியும். பள்ளியில் சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவன் அவன்.

குவைத்துக்கு அக்காள் மகளை அழைத்தேன். "அம்மை அழுதுட்டே இருக்கா மாமா. அவ சரின்னு சொன்னா நான் வரல்ல" என்றாள்.

நண்பனிடம் போனேன். "வெட்டுனியா?"

"நீளம் கூடிப்போச்சு. நீங்க பத்திரிகைக்காரம்மாரு சுருக்க மாட்டியளோ?" சிரித்தான். "எத்தன பேரு மனந்திரும்புனாங்க தெரியுமா? உனக்க செய்தியப் படிச்சு ஒருத்தன் மாறியிருக்கானா?"

"அக்காகிட்ட மட்டும் உள்ளதச் சொல்லு. பிள்ளைக்க வேல போயிரும்."

"சொல்லுகேன்" என்றான்.

அவள் வீட்டுக்குப் போனான். ஜெபம் பண்ணிவிட்டு வந்தான். பிறகு நான் விளக்கியபோது அக்காள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ மாத்திப் பேசுவன்னு ஜெபம் பண்ண வந்தப்பவே அவரு சொன்னாரு. சனங்க பயப்படக்கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்களாம்."

மகள் வந்துவிட்டாள். கல் வரவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்று நண்பன் சபையில் சாட்சி சொன்னான். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மகள் என்னிடம் கேட்டாள்: "அந்த ஆஸ்பத்திரியில திரும்ப எடுப்பாங்களா மாமா?"

எடுக்கமாட்டார்கள் என்றேன்.