கமெண்ட் இல்லாமல் அப்ரூவ் ஆன பேட்ச்

1. ஸ்வீட் வாங்காத செவ்வாய்க்கிழமை

அன்றைக்குக் காலையில் என் பேட்ச், அதாவது நான் எழுதி அனுப்பிய கோடு, ஒரு கமெண்ட்கூட இல்லாமல் அப்ரூவ் ஆகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் டீமுக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நான் வாங்கவில்லை. ஏனென்றால் அதற்குள் ஒரு தப்பு இருந்தது. நானே வைத்த தப்பு.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். என் பேர் ஸ்டெல்லா. பெங்களூர் விவேக் நகரில் பிறந்து, வைட்ஃபீல்டுக்குப் போய் வந்தே பாதி ஆயுசைத் தொலைத்தவள். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளமான கெர்னலுக்குக் கோடு எழுதுவது பிழைப்பு. அப்போது எங்கள் கம்பெனி சொந்தமாக ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தது. அதில் நெட்வொர்க் டிரைவர் என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவே நின்று தகவல் பாக்கெட்டுகளை ஏற்றி இறக்கும் ப்ரோக்ராம் அது. டிரைவர் கோடு யார் எழுதினாலும் சுதாகர் சார் படித்து ‘சரி’ என்றால்தான் உள்ளே போகும். எங்கள் ஆபீசில் டைரக்டரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இவருக்கு மட்டும் ‘சார்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதி, குறை சொல்லாமல் விடமாட்டார். ஒன்றாவது கிடைக்கும்வரை தோண்டுவார். கிடைக்காவிட்டால் வேரியபிள் பேரை மாற்றச் சொல்வார். மாற்றினால், “முன்னாடி இருந்ததே பரவால்லம்மா” என்பார். இருபது வரி பேட்சுக்கு ஒரு வாரம் இழுத்த கதையெல்லாம் உண்டு.

இதற்கு வழி கண்டுபிடித்தவன் பக்கத்து சீட் பிரபு, தர்மபுரிக்காரன்.

“அக்கா, கொழந்தைக்குக் கன்னத்துல மை வெக்கறாங்கல்ல? நாமளும் கோடுல ஒரு பொட்டு வெச்சுருவோம். அவரு கண்ணு நேரா அதுமேலதான் போவும்.”

“டேய், நாங்க வேதக்காரங்க. எங்க வீட்ல மை வெக்க மாட்டோம்.”

“கோடுக்கு ஏதுக்கா மதம்?”

அன்றிலிருந்து டீம் முழுக்க, வேண்டுமென்றே ஒரு தப்போடுதான் பேட்ச் அனுப்பினோம். அதற்குப் பேரே திருஷ்டிப் பொட்டு. சார் அதைப் பிடிப்பார், பூரித்துப் போவார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அப்ரூவ் செய்துவிடுவார். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

முதலில் கூடுதல் ஸ்பேஸ், தள்ளிப்போன பிராக்கெட் என்று சில்லறையாக வைத்தோம். போகப்போக சாருக்கு அது சலித்துவிட்டது. பிடித்தாலும் முகத்தில் களை இல்லை. அதனால் பொட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. அன்று நான் வைத்தது அசல் பக். ஒரு பாக்கெட்டை அனுப்ப முடியாமல் போனால் அது பிடித்துவைத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். சார் கண்ணில் கண்டிப்பாகப் படும் என்றிருந்தேன். படவில்லை.

2. அந்த டெஸ்டைக் காட்டு

நேராக அவர் சீட்டுக்குப் போனேன். “சார், என் பேட்ச் பாத்தீங்களா?”

“பாத்தேன் பாத்தேன். சக்கத்தா இருக்கு.” அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூர், கன்னடம் நடுநடுவே எட்டிப் பார்க்கும். “உன் கோடுல என்ன பெருசா தப்பு வருது? சின்னதா ஏதோ ஒண்ணு. இனிமே நான் எதுக்குப் பாக்கணும்? மேனேஜருக்கு மெயில் போட்டுட்டேன். ஃப்ரைடேலேர்ந்து டிரைவர் கோட எல்லாம் நீயே மெர்ஜ் பண்ணிக்கோ.”

யாரிடமும் காட்டாமல் கோடை உள்ளே சேர்க்கும் அந்த பர்மிஷன் கெர்னல் டீமில் இரண்டே பேரிடம் இருந்தது. நாலு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த விஷயம். உண்மையைச் சொன்னால் அது போச்சு. சொல்லாவிட்டால், அதே வெள்ளிக்கிழமை இந்தக் கோடோடு எங்கள் சிஸ்டம் ஓடும் ஒரு பாக்ஸ் கஸ்டமர் ஆபீசுக்குப் போகும். மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று ஒருநாள் படுத்துவிடும்.

சீட்டுக்குத் திரும்பிப் பிரபுவிடம் சொன்னேன். “சத்தமில்லாம இன்னொரு பேட்ச் போட்டு சரி பண்ணிடுங்க” என்றான். போட்டேன். ஒரே வரி. ஐந்து நிமிஷத்தில் சார் என் சீட்டுக்கே ஓடிவந்துவிட்டார்.

“இத எப்படிம்மா கண்டுபிடிச்சே? ரெண்டு தடவ படிச்சேன், எனக்கே படல!”

“டெஸ்ட் பண்ணும்போது வந்துச்சு சார்.”

இந்த வாயை என்ன செய்வது? அப்படி ஒரு டெஸ்டே கிடையாது.

“சூப்பர்! அந்த டெஸ்டைக் காட்டு. ஸ்லைடுல போடணும்.”

“என்ன ஸ்லைடு சார்?”

லேப்டாப்பைத் திறந்தார். ‘நம் எஞ்சினியர்கள் செய்யும் தவறுகள்’ என்று தலைப்பு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரண்டு வருஷமாக வகுப்பெடுக்கிறாராம். மொத்தம் பதினேழு ஸ்லைடு. முதல் ஸ்லைடில் பிரபு வைத்த பொட்டு. இரண்டாவதில் என்னுடையது. ஒரு கூடுதல் ஸ்பேஸுக்குச் சிவப்பு அம்புக்குறி போட்டு, அதனால் வரும் ஆபத்துகளை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மாதாவே! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் அதில். சிரிப்பு நின்றுவிட்டது.

“சார்... இதெல்லாம் நாங்க தெரியாம பண்ணது இல்ல சார். வேணும்னே வெச்சது.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அன்றைய பேட்ச் உட்பட. பிரபு நைசாக கேன்டீன் பக்கம் நழுவிவிட்டான்.

“எது எது?” என்றார். ஒவ்வொன்றாகக் காட்டினேன். பதினாலு.

“மிச்சம் மூணு?”

“அது நிஜத் தப்பு சார்.”

“அப்பாடா” என்றார். லேப்டாப்பை மூடினார். “ரெண்டு வருஷமா சும்னே உக்காந்து உங்க பொட்ட அழிச்சிட்டிருந்தேனா நான்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனுஷர் எங்கள் கோடை எவ்வளவு நம்பிப் படித்திருக்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

3. அரை மணி நேர வழக்கு

மறுநாள் முழுக்க அவர் அந்தப் பேட்சை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். நான் தப்பு வைத்த இடத்துக்குப் பதினைந்து வரி கீழே விரலை வைத்தார்.

கார்டில் இடம் நிரம்பிவிட்டால், பாக்கெட்டுகளை அனுப்பும் சிஸ்டத்திடம் ‘நிறுத்து’ என்று சொல்வது என் கோடு. இடம் காலியானதும் ‘போகலாம்’ என்று சொல்வதும் அதுதான். நான் இடத்தைப் பார்த்துவிட்டு ‘நிறுத்து’ சொல்வதற்குள்ளேயே கார்டு எல்லாவற்றையும் அனுப்பி முடித்துவிட்டால்? ‘போகலாம்’ முதலில் வந்துவிடும், ‘நிறுத்து’ பின்னால் வரும். கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டு, அப்புறம் ஹோல்டான் சொல்லி இறங்கிப் போன மாதிரி. பஸ் அங்கேயே நிற்கும். மெமரி போவதற்கு மாதக்கணக்காகும்; இது முதல் நாளே கஸ்டமர் நெட்வொர்க்கை நிறுத்தியிருக்கும்.

“இத எப்ப வெச்சே?”

“இது வெச்சது இல்ல சார்.”

“பொய் சொல்லாதம்மா. என்ன அழகா ஒளிச்சு வெச்சிருக்கே!”

“சத்தியமா சார்! இப்படி ஒரு தப்பு இருக்கறதே எனக்குத் தெரியாது!”

நம்பவில்லை. பதினேழு வருஷ அனுபவம் உள்ள எஞ்சினியர் நான், எனக்கு விவரம் பத்தாது என்று நிரூபிக்க வாதாடிக்கொண்டு நின்றேன். பழைய வெர்ஷன்களைத் திறந்து காட்டினேன். நான் எழுதிய முதல் நாளிலிருந்தே அந்தத் தப்பு அங்கே உட்கார்ந்திருந்தது. பொட்டை எங்கே வைக்கலாம் என்று அரை நாள் தேடியவள், மற்ற வரிகளை ஒரு தடவைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து, “சரி, நம்பறேன்” என்றார். பிறகு என் கண் முன்னாலேயே மேனேஜருக்கு எழுதிய மெயிலைத் திறந்து, அந்த பர்மிஷன் வேண்டாம் என்று பதில் போட்டார்.

“தப்பு எல்லாரும் பண்றதுதானே சார்?” என்றேன்.

“தப்புக்காக இல்லம்மா. தப்புன்னு நீ சொல்றத நம்பவே எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. நாளைக்கு நீ சரின்னு எழுதினா, அத யாரு நம்பறது?”

இரண்டு தப்பையும் சரிசெய்து ஒரே பேட்சாக வியாழக்கிழமை அனுப்பினேன். அவர் படித்து, அவர் பேரில் மெர்ஜ் செய்தார். பாக்ஸ் வெள்ளிக்கிழமை போய் ஒழுங்காக ஓடியது. எனக்கு அந்த பர்மிஷன் கிடைக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ரிவ்யூவருக்கு அனுப்பும் முன்னால் உங்கள் கோடை நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள், பொட்டு எதுவும் வைக்காமல் அனுப்புங்கள். அவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.