பல் முளைக்கிற பிள்ளைக்கு அலரிக்கட்டை

அக்காவின் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. கடிக்க ஏதாவது வாங்கலாம் என்று இன்று அக்காவோடு கண்டி டவுனுக்குப் போனேன். ஒரு மரச்சாமான் கடையில், லேத்தில் கடைந்த கிலுகிலுப்பைகள் இருந்தன.

"என்ன மரம் அண்ணே?"

"அலரிங்க. நானே கடைஞ்சது. வழுவழுன்னு வரும்."

ஆடுகூட வாய் வைக்காத விஷ அலரி!

"கடையிறப்போ உங்களுக்கு ஒண்ணும் செய்யலயா?"

"ஐயோ, அந்தத் தூசு மூக்குல போனா தலை சுத்தி வாந்தி வரும். மாஸ்க் போடாம தொடவே மாட்டேன்."

"கைப்புள்ள இத வாயில வைக்குமே!"

"அதுக்குத்தான் வார்னிஷ் அடிச்சிருக்கேன்ல."

அத்தனையையும் அவர் உள்ளே எடுத்து வைக்கும்வரை கத்தினேன்.

கடைகிற பெரிய மனிதருக்கு மாஸ்க் வேண்டும். சப்புகிற பிள்ளைக்கு வார்னிஷ் போதுமாம்.

நான் கத்தியதுதான் அசிங்கம் என்கிறாள் அக்கா. நீங்களே சொல்லுங்கள், மெதுவாகவா பேசியிருக்க வேண்டும்?